கடல் எண்ணெய் மேடையில் முதல் பணிச்சுற்று: கைகால் முழுதாகத் திரும்புவதற்கான வழிகாட்டி

வேலைக்கான கடிதம் கைக்கு வந்ததும் எல்லோரும் சம்பளத்தைக் கேட்பார்கள். எத்தனை வாரம் கடலில், எத்தனை வாரம் கரையில் என்று கேட்பார்கள். மேடையில் எந்த இயந்திரம் ஆளை எப்படி அடிக்கும், அடித்தால் செலவு யார் தலையில் விழும், அப்போது எந்தக் காகிதம் கையில் இருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும் பொறுமையாகச் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. பராமரிப்புப் பிரிவில் உதவியாளனாகச் சேர்ந்த எனக்கு இவை ஒவ்வொன்றும் அலைச்சலுக்குப் பிறகுதான் தெரியவந்தன. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கடல் மேடையில் இயந்திரம் அடிப்பதற்கு முன்பே அதற்கான அறிகுறி பல நேரங்களில் வேலை அனுமதிச் சீட்டான பெர்மிட்டிலோ, தொங்கும் அட்டையிலோ, இரும்பில் குத்திய எண்ணிலோ இருந்திருக்கும். ஆகவே கீழே உள்ளவற்றில் பாதி, படிப்பதைப் பற்றியது. தலைக்கவசத்தையும் பூட்ஸையும் நிறுவனமே கொடுத்துவிடும். படிக்கும் பழக்கத்தை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

1. முதலில் ஒப்பந்தம், பிறகு மருத்துவம், அதன்பின் பயிற்சி

இந்த வரிசையை மாற்றினால் பணம் போகும். "நீங்களே பயிற்சியை முடித்துவிட்டு வாருங்கள், வேலை உறுதி" என்று சொல்பவரை நம்பிப் பணம் கட்டாதீர்கள். எழுத்தில் ஒப்பந்தம் வந்த பிறகு பயிற்சிக்குப் பதிவு செய்தால் போதும்.

ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் முதலாளி யார் என்பது. மேடை ஒரு நிறுவனத்துடையதாக இருக்கும். அதில் வேலையை எடுத்தது இன்னொரு நிறுவனமாக இருக்கும். உங்களுக்குச் சம்பளம் தருவது மூன்றாவதாக ஓர் ஆள்சேர்ப்பு நிறுவனமாக இருக்கும். எல்லாம் ஒழுங்காக நடக்கும் வரை இது ஒரு பொருட்டே இல்லை. விரல் நசுங்கிய மறுநாள்தான் மூவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டத் தொடங்குவார்கள். ஆகவே கையெழுத்திடுவதற்கு முன்பு இவற்றை மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் மின்னஞ்சலிலேயே வாங்குங்கள்: மருத்துவப் பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் யார் பணம் கட்டுவார்கள், காயம்பட்டால் கரைக்குக் கொண்டுவரும் செலவு யாருடையது, சிகிச்சைக் காலத்தில் சம்பளம் உண்டா, காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் பாலிசி எண்ணும் என்ன. தொலைபேசியில் கிடைக்கும் "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்ற பதிலுக்கு மதிப்பில்லை.

துளையிடும் கப்பல் போன்ற, கப்பலாகப் பதிவான கலங்களில் வேலை என்றால் 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை பொருந்துகிறதா என்று கேளுங்கள். அது பொருந்தும் இடத்தில் வேலை வாங்கித் தருவதற்கென்று உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. பாஸ்போர்ட், மாலுமிப் புத்தகம், தேசிய மருத்துவச் சான்று ஆகியவற்றின் செலவை மட்டும் நீங்கள் ஏற்க வேண்டியிருக்கலாம். விசா செலவு கப்பல் உரிமையாளருடையது.

மருத்துவப் பரிசோதனையில் இரத்த அழுத்தம், பார்வை, நிறம் பிரித்தறியும் திறன், செவித்திறன், எடை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். வட கடல் வேலைக்கான பிரிட்டிஷ் மருத்துவச் சான்று வழக்கமாக இரண்டு ஆண்டு செல்லும். சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்றவை இருந்தால் மருத்துவர் அதைவிடக் குறுகிய காலத்துக்கும் தரலாம். அதனால் சான்றின் கடைசித் தேதியைப் பார்த்துவிட்டுப் பயிற்சித் தேதியைக் குறியுங்கள். பல பயிற்சி நிலையங்கள் மருத்துவத் தகுதியைக் கேட்டுவிட்டுத்தான் நீச்சல் குளத்தில் இறக்குகின்றன. சான்று இல்லாமல் போய் நின்றால் கட்டிய பணம் திரும்பாது.

இங்கே இரண்டு சிறு வேலைகள் உண்டு. செவித்திறன் சோதனையின் வரைபட நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். கம்ப்ரசர்கள், டர்பைன்கள் பக்கத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு காது மந்தமாகிவிட்டால், "சேரும்போது எப்படி இருந்தது" என்ற கேள்விக்கு அதுவே பதில். மற்றது பல். ஆடும் பல்லையும் சொத்தைப் பல்லையும் கரையிலேயே முடித்துவிடுங்கள். மேடையில் மெடிக் என்ற மருத்துவ உதவியாளர் இருப்பார், பல் மருத்துவர் இருக்கமாட்டார்.

2. உயிர்காப்புப் பயிற்சி: எந்த வகை என்று எழுத்தில் கேளுங்கள்

பெரும்பாலான இடங்களில் கேட்கப்படுவது 'போசியட்' என்ற அடிப்படைப் பயிற்சி. தீயணைப்பு, முதலுதவி, லைஃப்போட், தண்ணீரில் விழுந்த ஹெலிகாப்டரிலிருந்து வெளியேறுதல் எல்லாம் சேர்ந்து மூன்று நாள். சான்று நான்கு ஆண்டு செல்லும். அது காலாவதியாவதற்கு முன்பே ஒருநாள் புதுப்பிப்புப் பயிற்சிக்குப் போய்விட வேண்டும். தேதி தாண்டிவிட்டால் மூன்று நாள் பயிற்சியையும் அதன் முழுக் கட்டணத்தையும் மறுபடி சுமக்க நேரும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. வெப்பமான கடல்களுக்கென்று 'டி-போசியட்' என்று ஒன்று உண்டு. அதில் குளிர்காப்பு உடையும் அவசர மூச்சுக் கருவியும் இருக்காது. கட்டணம் குறைவு என்று அதை முடித்துவிட்டு, குளிர்ந்த கடலுக்கு வேலை வந்ததும் விழிப்பவர்கள் இருக்கிறார்கள். எந்தக் கடல், எந்த வகைப் பயிற்சி, சான்றை வெளியிடும் அமைப்பு எது என்று மூன்றையும் நிறுவனத்திடம் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். பயிற்சிக்கே போகாமல் சான்று வாங்கித் தருகிறேன் என்பவர்களும் உண்டு. சான்று எண்ணைப் பதிவேட்டில் சரிபார்ப்பார்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும். கவிழ்ந்த ஹெலிகாப்டருக்குள் அந்தக் காகிதம் உங்களுக்கு வழி காட்டாது.

குளத்துப் பயிற்சியை நினைத்துப் பலர் தூக்கத்தை இழக்கிறார்கள். நீச்சல் தெரியாதவர்களும் இதை முடிக்கிறார்கள். உயிர்காப்பு அங்கி மிதக்க வைக்கும், நீர்மூழ்கிப் பயிற்சியாளர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். மனப்பாடமாக இருக்க வேண்டியது வரிசை மட்டும்: ஒரு கை ஜன்னல் விளிம்பில், மறு கை இடைவார்ப் பூட்டில். ஹெலிகாப்டர் மாதிரிக் கூடு கவிழ்ந்து அசைவு நிற்கும் வரை காத்திருங்கள். பிறகு ஜன்னலைத் தள்ளுங்கள். இடைவாரைக் கடைசியில்தான் அவிழ்க்க வேண்டும். முதலிலேயே அவிழ்த்தால் உள்ளே மிதந்து மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போகும்; ஜன்னலைத் தள்ளப் பிடிமானமும் இருக்காது. சளியோ காதடைப்போ இருந்தால் அந்த வாரம் போகாதீர்கள், தேதியை மாற்றிக் கேளுங்கள்.

3. புறப்படும் நாளும் மேடையில் முதல் சில மணி நேரமும்

பாஸ்போர்ட், மருத்துவச் சான்று, பயிற்சிச் சான்று ஆகியவற்றின் மூலமும் நகலும் ஒரே உறையில் இருக்கட்டும். எல்லாவற்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒன்றில் இனிஷியலாகவும் மற்றொன்றில் முழுப் பெயராகவும் இருந்தால் ஹெலிகாப்டர் தளத்தில் சிக்கல்தான். பயிற்சி நிலையத்தில் பெயர் எழுதித் தரும்போதே பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுங்கள். தினமும் சாப்பிடும் மாத்திரை இருந்தால் மருத்துவர் சீட்டுடன் கொண்டுபோய், கேட்பதற்கு முன்பே காட்டிவிடுங்கள். லைட்டரை வீட்டில் வைத்துவிடுங்கள்.

பனிமூட்டம், காற்று, இயந்திரக் கோளாறு என்று ஹெலிகாப்டர் தாமதமாவது சாதாரணம். கரைக்குத் திரும்பும் அதே நாளில் வீட்டுக்கு விமான டிக்கெட் எடுக்காதீர்கள். அப்படி எடுத்தே ஆக வேண்டுமென்றால் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள். காத்திருக்கும் நாட்களில் தங்கும் செலவு யாருடையது என்பதையும் ஒப்பந்தக் கேள்விகளோடு சேர்த்துக்கொள்ளலாம்.

மேடையில் இறங்கியதும் அறிமுக வகுப்பு நடத்துவார்கள், பெயர் அட்டை தருவார்கள். எந்த மஸ்டர் இடம் (ஆபத்து வந்தால் கூட வேண்டிய இடம்), எந்த லைஃப்போட் என்று சொல்வார்கள். வகுப்பு முடிந்ததும் அறைக்குப் போய்ப் படுத்துவிடாதீர்கள். படுக்கையிலிருந்து மஸ்டர் இடத்துக்கு ஒரு தடவை நடந்து பாருங்கள். பிறகு அதே இடத்துக்கு வேறு வழியாக நடந்து பாருங்கள். கைப்பிடி எந்தப் பக்கம், எத்தனையாவது கதவு, எங்கே படி இறங்குகிறது என்று கையால் தொட்டுப் பார்த்து வையுங்கள். 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா மேடை எரிந்தபோது 167 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் தங்கும் பகுதியில், உத்தரவுக்காகக் காத்திருந்த நிலையில் புகையில் இறந்தவர்கள். வழக்கமான வழி அடைபட்டால் இரண்டாவது வழி உங்கள் காலுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எச்சரிக்கை ஒலி மேடைக்கு மேடை மாறும். போன மேடையில் கேட்ட விட்டுவிட்டு ஒலிக்கும் ஓசைக்கு இங்கே என்ன பொருள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரைச்சல் மிகுந்த இடங்களில் ஒலியோடு சுழல்விளக்கும் இருக்கும், அதன் நிறங்களையும் கேளுங்கள்.

புதியவர்களுக்குத் தனி நிறத் தலைக்கவசம் தரும் வழக்கம் பல இடங்களில் உண்டு. சிலர் அதைக் கூச்சமாக நினைத்து எப்போது மாற்றித் தருவார்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். எவ்வளவு நாள் கிடைக்கிறதோ அவ்வளவு நாள் போட்டுக்கொள்ளுங்கள். கிரேன் ஓட்டுபவர் உங்களைத் தூரத்திலிருந்தே பார்த்து, "இவனுக்குத் தெரியாது" என்று கருதிக்கொள்வது உங்களுக்கு நல்லது.

4. பெர்மிட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

எந்த இயந்திரத்தைத் திறப்பதற்கும், வெட்டுவதற்கும், ஒட்டுவதற்கும் முன்பாக வேலை அனுமதிச் சீட்டு வேண்டும். எல்லோரும் பெர்மிட் என்றே சொல்வார்கள். மேற்பார்வையாளர் அதை வாங்கி வந்து, சுற்றி நிற்பவர்களிடம் வேகமாகப் படித்துவிட்டு, கையெழுத்துக்கு நீட்டுவார். அந்த இடத்தில் பேனாவை வாங்குவதற்கு முன் சீட்டைக் கையில் வாங்குங்கள்.

முதலில் இயந்திர எண். சீட்டில் உள்ள எண்ணும் இயந்திரத்தில் திருகியிருக்கும் தகட்டின் எண்ணும் ஒன்றா என்று நேரில் போய்ப் பாருங்கள். ஏ பம்ப்பும் பி பம்ப்பும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே நிறத்தில் நிற்கும். இரவுப் பணியில் அந்த ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

அடுத்து, இதே இயந்திரத்தில் வேறு பெர்மிட் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். பைப்பர் ஆல்ஃபாவில் நடந்தது இதுதான். ஒரு கண்டன்சேட் (வாயுவோடு வரும், எளிதில் தீப்பிடிக்கும் திரவம்) பம்ப்பின் பாதுகாப்பு வால்வைப் பழுதுபார்க்கக் கழற்றிவிட்டு, அந்தக் குழாய் வாயில் தற்காலிகமாக ஒரு மூடுதகடு போட்டிருந்தார்கள். பம்ப்பின் பராமரிப்புக்கு ஒரு பெர்மிட், வால்வுக்கு இன்னொரு பெர்மிட். இரண்டுக்கும் தொடர்புக் குறிப்பு இல்லை. இரவில் மற்ற பம்ப் நின்றுபோனதும், வால்வு கழன்றிருப்பது தெரியாமலேயே இந்தப் பம்ப்பை இயக்கினார்கள். இறுக்கமாக மூடப்படாத அந்தத் தகட்டின் வழியாகக் கண்டன்சேட் கசிந்து தீப்பிடித்தது.

மூன்றாவது, தனிமைப்படுத்தல் சான்று. எந்தெந்த வால்வுகள் மூடப்பட்டன, எந்த மின்சுவிட்ச் பூட்டப்பட்டது என்று அதில் பட்டியல் இருக்கும். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் போய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள். யாரும் மறுக்கமாட்டார்கள், முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான். உங்கள் பெயரில் ஒரு பூட்டு தந்தால் அதன் சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்க வேண்டும். அதிக அழுத்தக் குழாயில் ஒரே ஒரு வால்வை மூடியிருந்தால் அது போதாது என்று நினைவில் வையுங்கள். இரண்டு வால்வுகளை மூடி, நடுவில் உள்ள அழுத்தத்தை வெளியேற்றித் திறந்து வைத்திருந்தால்தான் நம்பலாம்.

பூட்டியதோடு வேலை முடியவில்லை. பூட்டிய பிறகும் இயந்திரத்துக்குள் சக்தி மிச்சமிருக்கும்: குழாயில் அடைபட்ட அழுத்தம், இழுத்து நிற்கும் சுருள்வில், ஹைட்ராலிக் சேமிப்புக் கலம், தொங்கும் எடை, சூடு. அழுத்தமானி பூஜ்யம் காட்டினாலும், மானியின் குழாய் அடைத்திருக்கலாம். வடிகால் வால்வைத் திறந்து பார்த்தார்களா, இயக்கு பொத்தானை அழுத்திச் சோதித்தார்களா என்று கேளுங்கள். போல்ட்டைக் கழற்றும்போது உங்களுக்கு எதிர்ப்புறத்தில் உள்ளதை முதலில் தளர்த்துங்கள். மிச்சமிருப்பது அந்தப் பக்கமாகப் பீறிடட்டும்.

நான்காவது, நேரம். பெர்மிட் பொதுவாக ஒரு பணிமுறைக்குத்தான் செல்லும். வாயுச் சோதனை எத்தனை மணிக்கு எடுத்தது என்று பாருங்கள். காலையில் எடுத்த சோதனையை நம்பி மதியம் வெல்டிங் தொடங்கக் கூடாது. இடையில் சாப்பாட்டுக்கோ ஒத்திகைக்கோ போய்த் திரும்பினால் மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். பணிமுறை மாறும்போது வேலை பாதியில் நின்றிருந்தால், பொறுப்பை வாங்கிக்கொள்பவரை இயந்திரத்தின் அருகிலேயே கூட்டிப்போய்க் காட்டுங்கள். சாப்பாட்டு மேசையில் நடக்கும் பொறுப்பு மாற்றம் எனக்குப் பிடிக்காது.

பெர்மிட் கைக்கு வர ஒரு மணி நேரமும் ஆகலாம், அரை நாளும் ஆகலாம். "ஐந்து நிமிட வேலைக்கு இதெல்லாம் எதற்கு" என்று சொல்பவர் எல்லா மேடையிலும் ஒருவர் இருப்பார். வேலையை நன்றாகத் தெரிந்தவராகவும் இருப்பார், அதுதான் ஆபத்து.

5. எங்கே நிற்கக் கூடாது

உபகரண விபத்துகளைப் பற்றிப் பேசும்போது, எது உடைந்தது என்றே எல்லோரும் கேட்கிறார்கள். புதியவர் கேட்க வேண்டியது வேறு: உடைந்தால் எந்தப் பக்கம் பாயும், அப்போது நான் எங்கே நின்றிருப்பேன்.

கிரேனிலிருந்து தொடங்குவோம். தொங்கும் சுமையின் கீழே போகக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். சுமைக்கும் சுவருக்கும் இடையே நிற்பதுதான் தெரியாமல் நடப்பது. கீழே கப்பல் அலையில் ஏறி இறங்கும்போது பெட்டி சுழலும், ஊசலாடும். பின்னால் திறந்த வழி இருக்கும் இடத்தில் மட்டும் நில்லுங்கள். சுமையை வழிநடத்தும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள்; எந்த நொடியும் விட்டுவிடும்படி பிடியுங்கள். சுமையைக் கட்டித் தூக்கும் ஸ்லிங்கிலும் அதை மாட்டும் வளையமான ஷேக்கிளிலும் அந்தப் பருவத்துக்கான நிறம் பூசியிருக்கும். பல இடங்களில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதித்து நிறத்தை மாற்றுவார்கள். இப்போது எந்த நிறம் நடப்பில் இருக்கிறது என்று பலகையில் எழுதியிருப்பார்கள். பழைய நிறத்தில் இருக்கும் ஸ்லிங் எவ்வளவு புதியதாகத் தெரிந்தாலும் எடுக்காதீர்கள். தாங்கும் எடை குறித்த தகடு விழுந்துபோயிருந்தாலும் அப்படித்தான்.

மேலிருந்து விழும் பொருளை மக்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். அரைக் கிலோ ஸ்பேனர் 30 மீட்டரிலிருந்து விழுந்தால் தரையில் அதன் ஆற்றல் ஏறத்தாழ 147 ஜூல். விழும் பொருள்களைத் தடுக்க இத்துறையில் இயங்கும் 'டிராப்ஸ்' அமைப்பின் வழிகாட்டலில் 40 ஜூலைத் தாண்டினாலே பதிவு செய்ய வேண்டிய அளவுக்குக் காயம் ஏற்படலாம் என்று கொள்கிறார்கள். தலைக்கவசம் போட்டிருக்கிறேன் என்பது இங்கே பதிலாகாது. உயரத்தில் வேலை செய்யும்போது ஒவ்வொரு கருவியும் கயிற்றால் கட்டப்பட்டிருக்க வேண்டும். கீழே நடப்பவர்கள் சிவப்புத் தடுப்பு நாடாவைத் தூக்கிவிட்டுக் குறுக்கே போகக் கூடாது. பழைய விளக்குக் கூடு, துருப்பிடித்த கிளாம்ப், மறந்துபோன போல்ட் என்று யாரும் வைக்காமலே விழக் காத்திருப்பவையும் உண்டு. பார்த்தால் எழுதிக் கொடுங்கள்.

அழுத்தக் குழாய் இணைப்புகளில் ஒரு குறிப்பான அபாயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். கிணற்று வேலைகளில் சுத்தியலால் தட்டி இறுக்கும் ஹேமர் யூனியன் என்ற இணைப்பு உண்டு. 2 அங்குல அளவில், 15,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) தாங்கும் 1502 வகையின் நட்டு, 6,000 பிஎஸ்ஐக்கான 602 வகையின் மரையோடும் ஏறிவிடும். பார்வைக்குச் சரியாகச் சேர்ந்ததுபோலவே இருக்கும். குறைந்த அழுத்தத்தில் தாங்கவும் தாங்கும். அழுத்தம் ஏறும்போது பிரிந்து குழாயைத் துப்பாக்கிக் குண்டுபோல எறியும். ஆட்களைக் கொன்ற பொருத்தம் இது. இரண்டு பக்கத்திலும் குத்தியிருக்கும் எண்ணைத் துடைத்துப் படித்துவிட்டுச் சேருங்கள். எண் தெரியாவிட்டால் சேர்க்காதீர்கள். அழுத்தச் சோதனை நடக்கும்போது தடுப்புக்கு வெளியே நில்லுங்கள். கசிவு தெரிந்தால் அழுத்தத்தை இறக்கிய பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும்.

துளையிடும் தளத்தில் குழாய்களைப் பிடித்துத் திருகிச் சேர்க்கும் 'டாங்' என்ற பெரிய இடுக்கிகளும் தானியங்கிக் கருவிகளும் இயங்கும் பகுதியைச் சிவப்பு எல்லையாக வரைந்திருப்பார்கள். துளையிடும் இயந்திரத்தை இயக்கும் டிரில்லரின் கண்ணைப் பார்த்து, அவர் கையசைத்து, இயந்திரத்தை நிறுத்திய பிறகுதான் உள்ளே கால் வைக்க வேண்டும். விரல்கள் போவது இங்கேதான்: இரண்டு இரும்புகள் சேரும் இடத்தில் கையை வைத்து "கொஞ்சம் நகர்த்து" என்று சொல்லும்போது. தள்ளுவதற்கென்று நீண்ட கம்பிகள் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்துங்கள். தளர்ந்த கையுறையும் மோதிரமும் சுழலும் எதற்கும் அருகில் வேண்டாம்.

கால்களுக்குக் கீழே இருக்கும் கம்பித்தட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏதோ வேலைக்காக அதைத் தூக்கிவிட்டு, நாடா மட்டும் கட்டிவிட்டுப் போவார்கள். நாடா ஆளைத் தாங்காது. திறந்த துளை இருந்தால் இரும்புக் குழாய்த் தடுப்பு வேண்டும், அல்லது ஓர் ஆள் காவலுக்கு நிற்க வேண்டும்.

6. வாயு: மூக்கை நம்பாதீர்கள்

ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை வாசனை அடிக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த வாசனை 1 பிபிஎம்முக்கும் (காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குறைந்த அளவிலேயே தெரியும். ஆனால் 100 பிபிஎம் அளவில் மூக்கு மரத்துப்போய், வாசனை நின்றுவிடும். வாயு போய்விட்டது என்று நினைக்கும் நேரத்தில்தான் அது ஆளைக் கொல்லும் அளவை நெருங்கியிருக்கும். காற்றைவிடக் கனமானது என்பதால் குழிகளிலும் தொட்டிகளின் அடியிலும் தங்கும்.

சட்டையில் மாட்டும் வாயுக் கருவியை ஒவ்வொரு நாளும் சோதனை வாயுவில் காட்டி, ஒலிக்கிறதா என்று பார்த்துவிட்டே எடுங்கள். ஒட்டியிருக்கும் சீட்டில் அளவுத்திருத்தத் தேதி தாண்டியிருந்தால் வேறு கருவி கேளுங்கள். காற்றில் ஆக்ஸிஜன் 20.9 சதவீதம். 19.5க்குக் கீழே இறங்கினால் கருவி கத்த வேண்டும். மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை காற்றில் கலந்திருந்தால் தீப்பொறிக்குக் காத்திருக்கிறது என்று பொருள்.

ஒலித்ததும் காற்றின் திசை காட்டும் துணிப்பையைப் பார்த்து, காற்று வரும் திசைக்குக் குறுக்காக விலகி, பிறகு அதை எதிர்த்து நடங்கள். நண்பர் விழுந்து கிடந்தால் மூச்சுக் கருவி இல்லாமல் உள்ளே இறங்காதீர்கள். தொட்டிக்குள் ஒருவர் விழ, காப்பாற்றப் போனவரும் விழ, மூன்றாமவரும் விழும் கதை இந்தத் துறையில் திரும்பத் திரும்ப நடக்கிறது. நைட்ரஜன் நிரப்பிச் சுத்தம் செய்த கலத்துக்கு வாசனையே கிடையாது, அங்கே எச்சரிக்கை கருவியிலிருந்து மட்டும்தான் வரும்.

7. வேலையை நிறுத்தச் சொல்வது எப்படி

யார் வேண்டுமானாலும் வேலையை நிறுத்தலாம் என்று மேடையெங்கும் சுவரொட்டி ஒட்டியிருப்பார்கள். ஒப்பந்தத் தொழிலாளியாக, புதியவராக, மூத்தவர் முன்னால் அதைச் செய்வது எளிதில்லை என்பது எனக்குத் தெரியும். குற்றம் சாட்டும் குரலில் சொல்லாமல் கேள்வியாகக் கேட்டுப் பாருங்கள்: "இந்த மானி 200 காட்டுகிறது, பெர்மிட்டில் பூஜ்யம் என்று இருக்கிறது. எது சரி என்று பார்த்துவிட்டுத் தொடங்கலாமா?" எண்ணை வைத்துப் பேசினால் அது தனிப்பட்ட சண்டையாகாது. பதில் கிடைக்காவிட்டால் கருவியைக் கீழே வைத்துவிட்டுப் பாதுகாப்பு அதிகாரியை ரேடியோவில் கூப்பிடுங்கள். பிறகு பாதுகாப்புக் குறைகளை எழுதிப் போடும் கவனிப்பு அட்டையில் தேதி, நேரம், இயந்திர எண்ணோடு எழுதிப் போடுங்கள். இதற்காக யாராவது உங்களைக் கரைக்கு அனுப்ப நினைத்தால் அந்த அட்டை உங்களுக்கு வேண்டும்.

பொருந்தாத எண்ணுக்கு உடனே ஒரு விளக்கம் கிடைத்துவிட்டால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற துளையிடும் மேடை வெடிப்பதற்குச் சில மணி நேரம் முன்பு, கிணறு மூடியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனையில் துளைக்குழாயில் 1,400 பிஎஸ்ஐ அழுத்தம் காட்டியது. மூடியிருந்தால் அது இருந்திருக்கக் கூடாது. அதற்கு ஒரு விளக்கம் சொல்லப்பட்டது, சோதனை வெற்றி என்று முடிவானது. அன்றிரவு 11 பேர் இறந்தார்கள்.

8. காயம் பட்டுவிட்டால்: முதல் மணி நேரமும் முதல் வாரமும்

சிறு கீறலானாலும் அதே பணிமுறைக்குள் மெடிக்கிடம் போங்கள். மூன்று நாள் கழித்து வீங்கியதும் போனால், "கரையில் பட்ட காயமாக இருக்கலாம்" என்று எழுத இடம் கொடுத்துவிடுவீர்கள். மெடிக்கின் பதிவேட்டில் நேரம், இடம், இயந்திர எண், எப்படி நடந்தது என்பது எழுதப்பட்டதா என்று பார்த்து, நகல் கேளுங்கள்.

கரைக்குப் போவது நினைத்தவுடன் நடக்காது. வானிலை அனுமதித்தால் சில மணி நேரம், இல்லாவிட்டால் மறுநாள். காயம்பட்டவரை மாற்றுவதே ஓர் அபாயமான வேலை. 2005 ஜூலை 27 அன்று மும்பை ஹை மேடையில், விரலில் காயம்பட்ட சமையல்காரர் ஒருவரை மேடைக்கு மாற்றுவதற்காக அருகே வந்த கப்பல், கடலடியிலிருந்து மேடைக்கு ஏறும் ரைசர் குழாயில் மோதியது. வாயு கசிந்து தீப்பிடித்து, 22 பேர் இறந்தார்கள். ஆகவே "இன்றே அனுப்புங்கள்" என்று அழுத்தம் கொடுப்பதற்கு முன், காத்திருக்கக்கூடிய காயமா என்று மெடிக்கிடம் நேராகக் கேளுங்கள். கூடையில் ஏற்றி கிரேனால் மாற்றுவதாக இருந்தால், கடல் நிலை சரியில்லை என்று மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

விபத்து அறிக்கையில் கையெழுத்துக் கேட்பார்கள். முழுவதும் படித்துப் புரியாமல் போடாதீர்கள். புரியாத மொழியில் இருந்தால் படித்து விளக்கக் கேளுங்கள். நீங்கள் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். "இப்படி நடந்திருக்கலாம்" என்ற ஊகம் உங்கள் வாயிலிருந்து வந்து, பிறகு உங்களுக்கு எதிராகவே திரும்பும். சாட்சிகளின் பெயரையும் அவர்கள் எந்த நிறுவனம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரண கைபேசியை வாயு அபாயப் பகுதிக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதால், படம் எடுக்கப் பாதுகாப்பு அதிகாரியைக் கேட்டு, அந்தப் படங்கள் எந்த அறிக்கை எண்ணில் சேர்கின்றன என்று எழுதி வாங்குங்கள்.

இன்னொரு பொறி, 'இலகு வேலை'. கை கட்டுப் போட்டிருக்கும். அலுவலக அறையில் உட்கார்ந்து காகிதம் அடுக்கச் சொல்வார்கள். உங்கள் மீது இரக்கம் என்று தோன்றும். வேலை நாள் இழப்பாகப் பதிவாகாமல் இருக்கச் செய்யும் ஏற்பாடாகவும் அது இருக்கலாம். மருத்துவர் எழுதித் தந்த கட்டுப்பாடுகளுக்குள் இருந்தால் ஒப்புக்கொள்ளலாம். எழுத்தில் இல்லாவிட்டால் வேண்டாம்.

பணம் பற்றி: மேலே சொன்ன கடல்சார் உடன்படிக்கை பொருந்தும் கலமாக இருந்தால், சிகிச்சைச் செலவைக் கப்பல் உரிமையாளர் ஏற்க வேண்டும். தேசியச் சட்டம் அதற்கு வரம்பு வைத்தாலும் குறைந்தது 16 வாரம் இருந்தாக வேண்டும். நிலையான மேடைகளில் அந்தந்த நாட்டுச் சட்டமும் உங்கள் ஒப்பந்தமும்தான். இழப்பீடு கேட்பதற்குக் காலக்கெடு உண்டு, அது நாட்டுக்கு நாடு மாறும். முதல் வாரத்திலேயே முதலாளிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் மின்னஞ்சலில் தகவல் கொடுத்துவிட்டு, கெடு எப்போது என்று கேளுங்கள். கரையில் செய்த ஒவ்வொரு செலவுக்கும் ரசீது வைத்திருங்கள், ஆஸ்பத்திரிக்குப் போன வண்டிச் செலவு உட்பட.

மேடையை விட்டு இறங்குவதற்கு முன் இவை உங்கள் உறையில் இருக்க வேண்டும்: மெடிக் பதிவின் நகல், விபத்து அறிக்கை எண், அன்றைய பெர்மிட் எண், சாட்சிகளின் பெயர்ப் பட்டியல். ஹெலிகாப்டர் ஏறிய பிறகு இவற்றைக் கேட்டால் பதில் வர வாரங்கள் ஆகும், வராமலும் போகும். எல்லாவற்றையும் உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கும் அனுப்பி வையுங்கள். அலுவலகக் கணக்கில் மட்டும் இருந்தால், ஒப்பந்தம் முடிகிற அன்றே அதை மூடிவிடுவார்கள்.